யாரையும் கேட்காத ஆப்பா

கேட்டுவிட்டுச் செய்வது என்கிற பழக்கமே எதிர்வீட்டு ஆப்பாவிடம் கிடையாது. எங்கள் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தால் நேராக உள்ளே வருவார். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பார். புளி கம்மி என்று பட்டால் கரைத்து ஊற்றிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கீழ்வீட்டு ஆட்களைக் கூட்டிவந்து எங்கள் பீரோவை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றி வைத்துவிட்டார். பழைய சுவரில் ஈரம் ஏறுகிறதாம்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஆப்பா" என்றேன்.

"கேட்டிருந்தா வேணாம்னுதானே சொல்லியிருப்ப?"

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆம்பூரில் அப்போது நாங்கள் குடியிருந்த மாடியில் இரண்டே வீடுகள். எதிர்வீட்டில் அவர் தனியாக இருந்தார். உருது பேசுகிறவர். ஆப்பா என்றால் அக்கா. தெருவில் பெரியவர்களுக்கும் அவர் ஆப்பா, சின்னப் பிள்ளைகளுக்கும் ஆப்பா. பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் "என்னைக் கேட்டியா?" என்று அவர் கேட்கமாட்டார், ஆனால் அவர் தம்பி கேட்பார். வயது நாற்பதுக்குள் இருக்கும். வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்து, அந்த வீட்டைவிட்டுத் திரும்பி வந்தவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஏன் வந்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிற வேலையை வீட்டிலேயே எடுத்துச் செய்தார். வாசலில் எப்போதும் தோல் நிறைந்த சாக்குமூட்டை ஒன்று சாய்ந்து நிற்கும்.

நானும் என் மனைவியும் ஒரே ஷூ கம்பெனியில் இருந்தோம். நான் தோல் வெட்டுகிற பிரிவு, அவள் தையல் பிரிவு. மகள் பிறந்து, மனைவியின் விடுப்பு முடியப்போகிற நேரத்தில், குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் தவித்தோம். கணியம்பாடிப் பக்கம் என் மாமியார் வீடு. அங்கே எதையும் பத்து பேரைக் கேட்டுத்தான் செய்வார்கள். என் மனைவியும் அப்படியே. குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டு, அண்ணனுக்குப் போன் போட்டு, அண்ணியிடமும் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான் மருந்தைக் கையில் எடுப்பாள். யாரிடம் விடுவது என்பதையும் அப்படித்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுப்பு முடிந்த காலையில் ஆப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார். தூளியில் கிடந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ கெளம்பு. ஷிப்டுக்கு நேரமாவுது."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து பகலெல்லாம் குழந்தை அவரிடம் இருந்தது.

பால் புட்டியை நிறுத்தியது அவர். முதல் முடியைத் தவிர மற்ற முடியெல்லாம் வெட்டியது அவர். எங்கள் மகள் முதலில் தண்ணீரைப் "பானி" என்றுதான் கேட்டாள். இதெல்லாம் என் மனைவிக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆனால் சிரித்துக்கொள்வாள். காதுகுத்து விஷயத்தில்தான் அவளால் சிரிக்க முடியவில்லை. அவள் அண்ணன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அது எங்கள் வழக்கம். அண்ணனும் அறுவடை முடியட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு மாலை நாங்கள் வேலை முடிந்து வந்தபோது குழந்தையின் இரண்டு காதிலும் சின்னக் கம்பி மினுங்கியது. பஜாரில் தெரிந்த ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

என் மச்சான் பஸ் ஏறி வந்துவிட்டார். கோபத்தில் பேச்சு வராமல் அந்தப் பெரிய மனிதர் கண்கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். ஆப்பா எட்டிப் பார்த்தார்.

"காது குத்துனா கொழந்த அழுவும். மாமா எதுக்கு அழுவுறாரு?"

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. அன்று படுக்கும்போது சொன்னாள்: "அவங்களுக்குப் பாசம் ஜாஸ்திதான். இல்லன்னு சொல்லல. ஆனா இது நம்ம கொழந்தன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு விளக்கை அணைத்தேன்.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது ஒரு சனிக்கிழமை. வேலை முடிந்து வந்தோம். எதிர்வீடு பூட்டியிருந்தது. அப்படி ஒருநாளும் பூட்டியிருந்ததில்லை. கீழ்வீட்டில் கேட்டோம். காலையிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"காலைலயா?" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் தம்பிக்குப் பஜாரில் சைக்கிள் கடை. ஓடினேன். அவருக்கும் தெரியவில்லை. "எங்கியாவது போயிருக்கும் பாய், வந்துரும்" என்றார். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு கடையை மூட ஆரம்பித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் தேடினேன். ஸ்டேஷனுக்குப் போனேன். ஜோலார்பேட்டை பக்கம் போகிற வண்டி ஒன்று நின்றிருந்தது. பெட்டி பெட்டியாக ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வண்டி நகர்ந்தது. நானும் கூடவே ஓடினேன். பிளாட்பாரம் முடிந்துபோனது.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். எங்கள் தெருவில் எதற்கும் முன்னால் வந்து நிற்கிற ஒருவர் உண்டு. சாவு வீடானாலும் சண்டையானாலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். அன்றும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்குப் புள்ள இல்ல. புருஷன் இல்ல. இவுங்க ஆளுங்க பெங்களூர்ல இருக்காங்க, பம்பாயில இருக்காங்க. நம்ம புள்ளைய எங்க கொண்டு போனா நமக்கு இன்னா தெரியும்?"

"நம்ம புள்ள" என்று அவர் சொன்னது என் மகளை. அவர் அதுவரை அவளை ஒருநாளும் தூக்கியதில்லை.

"போலீசுக்குப் போலாம்" என்றேன்.

"போலீசு அப்புறம். மொதல்ல தம்பிக்காரன் கடைக்குப் போலாம், எல்லாருமா. கேக்கற மாதிரி கேட்டா தானா சொல்லுவான்."

பின்னால் நின்ற பையன்கள் நகர ஆரம்பித்தார்கள். அதே நேரம் தெருவின் அந்தப் பக்க முனையில் தம்பி வந்துகொண்டிருந்தார். அவரோடு பஜார் ஆட்களும் வந்தார்கள். அவர்கள் கேள்விப்பட்டு உதவிக்கு வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் பார்த்தவர்களுக்கு அது இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்கள். நடுவில் தெரு காலியாகக் கிடந்தது. யாரோ ஒருவர் கடையின் ஷட்டரை இறக்கிய சத்தம் கேட்டது.

நான் அந்தக் காலி இடத்தில் போய் நின்றேன். தைரியத்தால் அல்ல, நிற்க வேறு இடமில்லை. "யாரும் எங்கியும் போக வேணாம். ஆப்பா தூக்கிட்டுப் போயிருந்தா காரணம் இருக்கும்" என்றேன். குரல் எனக்கே நம்பும்படி இல்லை. உள்ளுக்குள் இன்னொரு குரல் கேட்டது: அந்த வண்டியில் இருந்திருந்தால்?

இருட்டுவதற்குச் சற்று முன்னால் ஓர் ஆட்டோ வந்து, கூட்டத்தைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றது. ஆப்பா இறங்கினார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் பஞ்சு வைத்திருந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கியிருக்க வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுத்தெருவில் நேராக நடந்து வந்தார்.

என் மனைவி ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கினாள். குழந்தை விழித்து அலறியது. அந்த அலறலுக்கு மேலே இவள் கத்தினாள்:

"யாரைக் கேட்டுக்கினு எம் புள்ளைய தூக்கிட்டுப் போன?"

அதுவரை அவரிடம் "நீங்க" தவிர வேறு பேசாதவள். "போன" என்று சொன்னது தெரு முழுக்கக் கேட்டது.

முன்னால் நிற்கிற அந்த மனிதர், "கேக்குறாங்கல்ல, வாயைத் தொறந்து சொல்லும்மா" என்றார். ஆப்பா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஷூவுல கயிறு போடற ஓட்டைக்கு வெக்கிற வளையம். மூக்குல போட்டுக்கிச்சு. உள்ள போய்டுச்சு. இங்க டாக்டர் பாத்துட்டு, மூச்சுக்கொழாய்ல எறங்கிடும், ஒடனே வேலூர் போன்னாரு. போனேன். எடுத்துட்டாங்க."

கையை விரித்துக் காட்டினார். ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்த சின்னப் பித்தளை வளையம்.

"என் குழந்த வந்துருச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றேன். அந்த மனிதர் ஏதோ சொல்ல வந்தார். "நீங்களும்தான்" என்றேன். கூட்டம் சட்டென்று கலையவில்லை. ஏமாந்தது போல மெல்ல மெல்லப் போனது.

மறுநாள் ஞாயிறு. தம்பி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க வீட்டம்மா கேட்டதுல தப்பில்ல பாய். பெத்தவங்க கேப்பாங்க. ஆனா உங்களுக்கு ஒண்ணு தெரியணும். எங்க அக்காவுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. வாணியம்பாடில. ஒரு நாள் கொழந்தைக்கு மூச்சு வாங்குச்சு. தூக்கிட்டு ஓடலாம்னு நின்னா, மாமியார் சொன்னாங்க, புருஷனைக் கேக்காம வாசல் தாண்டாதன்னு. அவரு தோல் மண்டியில. ஆள் அனுப்புனாங்க. அவரு வர்ற வரைக்கும் அக்கா வாசல்லயே நின்னுச்சு. கொழந்தய வெச்சுக்கினு நின்னுச்சு. அவரு வந்து போலாம்னு சொல்லும்போது போறதுக்கு ஒண்ணும் இல்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் போனதும் அவள் சமையலறையிலிருந்து வந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "அவங்க பண்ணது சரிதான். அவங்க இல்லன்னா கொழந்த இல்ல. எல்லாம் புரியுது. ஆனா அந்தப் பூட்டு கண்ணுலயே நிக்குதே, நான் இன்னா பண்ண?"

திங்கட்கிழமை காலை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வழக்கமாக ஆப்பா வந்து தூக்கிக்கொண்டு போகிற நேரம் கடந்தது. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். எதிர்வாசலில் ஆப்பா நின்றார். நடுவில் இரண்டு எட்டு வைத்தால் முடிகிற இடம். குழந்தை அந்தப் பக்கம் கைநீட்டித் துள்ளியது. ஆப்பா வாசற்படியைத் தாண்டவில்லை.

"அனுப்புறியா?" என்று கேட்டார்.

மனைவி குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தார். குழந்தைக்கு முட்டை கொடுக்கட்டுமா? மொட்டைமாடிக்குக் கூட்டிப்போகட்டுமா? தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா? நகம் வெட்டட்டுமா? குத்திக்காட்டுகிற குரலில்லை, குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டுச் சமாதானமாகியிருப்போம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டீச்சரிடம் கேட்பதுபோலக் கேட்டார். எங்கள் குழம்பை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை. மழை வந்தால் தன் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, "உன் துணி நனையுது, எடுக்கட்டுமா?" என்று எங்கள் வாசலில் நின்று குரல் கொடுப்பார். நாங்கள் "எடுங்க ஆப்பா" என்பதற்குள் நனைந்திருக்கும்.

"எதுக்கு ஆப்பா எல்லாத்தையும் கேக்குறீங்க?" என்று மனைவி ஒருமுறை கெஞ்சினாள்.

"கேக்கறது நல்லதுதானேம்மா" என்றார்.

இப்படியே போனது. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். மழைக்காலத்தில் அவளுக்கு இளைப்பு வர ஆரம்பித்தது. மருந்து கொடுத்தால் அடங்கிவிடும். பெரிதாக நாங்கள் பயப்படவில்லை.

ஒருநாள் பிற்பகல் நான் வெட்டு மேசையில் இருந்தேன். வாசலில் யாரோ வந்திருப்பதாக செக்யூரிட்டி சொல்லி அனுப்பினார். போனேன். இரும்புக் கதவுக்கு வெளியே ஆப்பா நின்றுகொண்டிருந்தார். தோளில் யூனிபார்மோடு என் மகள். ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். குழந்தையின் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"மருந்து குடுத்தேன், கேக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்றார்.

எனக்கு முதலில் அது புரியவே இல்லை. ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையில் இருக்கிறது. கம்பெனி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவர் ஆஸ்பத்திரியைத் தாண்டி நடந்து வந்திருக்கிறார்.

"ஏன் இங்க வந்தீங்க? நேரா அங்க போக வேண்டியதுதானே!"

"கேக்காம எப்படி?"

இந்தக் கேள்வியைக் கேட்பதற்காக அவர் அந்தத் தூரம் முழுக்க எப்படி நடந்தார், தோளில் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எப்படி நடந்தார் என்று இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. கதவைத் திறக்கவிடாமல் செக்யூரிட்டி ஏதோ சீட்டு கேட்டார். நான் அவரைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. என் மடியில் மகள் தலை பின்னால் சாய்ந்தது. ஆப்பா அவள் முதுகைத் தடவிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். ஓதுவதை நிறுத்தி ஒருமுறை என்னைக் கேட்டார்: "முதுகுல தட்டட்டுமா?"

"ஆப்பா!" என்று நான் கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டார். ஆப்பா தலைகுனிந்து நின்றார். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் வந்தது. மகள் தூங்கிப்போனாள்.

மனைவி செய்தி கேட்டு ஓடிவந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் வராண்டாவில் ஆப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"கம்பெனி வாசலுக்கு எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க ஆப்பா? எங்கள எதுக்குக் கேட்டீங்க?"

அப்போதுதான் அவர் வெடித்தார். அத்தனை வருஷத்தில் நான் கேட்ட ஒரே ஒரு பெரிய குரல்.

"கேட்டுக்கினு நின்னேன், ஒண்ணு போச்சு. கேக்காம போனேன், ஊரே நின்னுச்சு. நான் இன்னாதான் பண்ணட்டும்? நீயே சொல்லு. சொல்லும்மா, அதையே பண்றேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். என் மனைவி தரையில் உட்கார்ந்து அவர் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள். ஆப்பா அவளைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சுவரில் சாய்ந்தபடி நின்றார்.

அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. கேட்பதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் செய்வதையும் குறைத்துக்கொண்டார். மகள் பெரியவளாகி அவர் கைக்கு வேலை இல்லாமல் போனது. பிறகு நாங்கள் வேலூர்ப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அவர் தம்பி வீட்டோடு போய்விட்டார். ரம்ஜானுக்கு நாங்கள் போவோம், பொங்கலுக்கு அவர் வருவார். வந்தால் நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். சமையலறைப் பக்கம் வரமாட்டார்.

காலம் இப்படித்தான் போகும்போலிருக்கிறது. மகளுக்கு அந்தச் சனிக்கிழமை நினைவே இல்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், ஆப்பா நுங்கு வாங்கி ஊட்டியதும்தான் ஏதோ கனவுபோல ஞாபகம் என்பாள். அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. குழந்தை தும்மினால் போனில் தேடிப் பார்க்கிறாள், டாக்டருக்குச் செய்தி அனுப்புகிறாள், புருஷனைக் கேட்கிறாள். அம்மாவின் மகள்.

போன மாதம் ஆப்பா குழந்தையைப் பார்க்க வந்தார். முழங்கால் வலியோடு ஆம்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என் மச்சானும் அவர் மனைவியும்கூட அன்று வந்திருந்தார்கள். குழந்தை காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தது. வயிற்று வலி என்றார் ஒருவர், பசி என்றார் ஒருவர். மகள் போனைத் தேடினாள். என் மனைவி ஓமத்தண்ணி கொடுக்கலாமா என்று அண்ணியைக் கேட்டாள். அண்ணி டாக்டரைக் கேட்கச் சொன்னார். ஆப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். மகளின் கையிலிருந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி வெளியே, தெருவில் வெயில் விழுகிற பக்கமாக நடந்தார்.

"எங்க போறாங்கம்மா?" என்றாள் மகள்.

என் மனைவி சட்டென்று எழுந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாசல்வரை போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நின்றாள். பிறகு மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வருவாங்க, இரு" என்றாள்.

குழந்தையின் அழுகை தெருவில் கொஞ்ச தூரம்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.